நெல்லையில் நீச்சல் எங்கே படித்தீர்கள்? படித்துறை முதல் ஸ்டேடியம் குளம் வரை

பாளைக்காரன்:

மகளுக்கு ஒன்பது வயது. இந்தக் கோடை விடுமுறையில் பாளையங்கோட்டை அண்ணா ஸ்டேடியம் நீச்சல் குளத்தில் பயிற்சிக்குச் சேர்த்திருக்கிறேன். காலையில் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்கிவிட்டு, பெற்றோர் எல்லாரும் வெளியே உட்கார்ந்திருப்போம். நேற்று பேச்சுவாக்கில் உங்களுக்கு நீச்சல் தெரியுமா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டோம். பதினொரு பேரில் மூன்று பேருக்குத்தான் தெரிந்திருந்தது. ஒருவர் சேரன்மகாதேவி, ஒருவர் கல்லிடைக்குறிச்சி, இன்னொருவர் மானூர்ப் பக்கம் கிணற்றில் படித்தவர். டவுனிலும் பாளையிலும் பிறந்து வளர்ந்த எங்கள் எட்டுப் பேருக்கும் தெரியாது. இத்தனைக்கும் ஆறு எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்.

என் அப்பாவுக்கு நீச்சல் தெரியும். தாத்தாவுக்கும் தெரியும். அவர்கள் யாரிடமும் போய்க் கட்டணம் கட்டிப் படிக்கவில்லை. அது என் தலைமுறையில் எங்கே அறுந்தது?

இந்த ஊருக்குப் பொது நீச்சல் குளம் என்று ஒன்று வருவதற்கு முன்னால் ஜனங்கள் எங்கெங்கே நீந்தினார்கள், எப்படிப் படித்தார்கள், யாருக்கு அங்கே இடம் இருந்தது, யாருக்கு இல்லை என்று தொகுத்து வைக்க ஆசை. பெரியவர்கள் எழுதுங்கள். நீளமாக இருந்தாலும் பரவாயில்லை.


குறுக்குத்துறை:

தம்பி, எனக்கு 66 வயது. நான் நீச்சல் படித்தது குறுக்குத்துறையில்தான். அங்கே முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே பாறையில் இருக்கிறது. வெள்ளம் வந்தால் கோயில் முங்கிப் போகும். அதற்கு முன்பே உற்சவரைக் கரையில் உள்ள மேலக்கோயிலுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். தண்ணீர் வடிந்ததும் சேறு அள்ளிக் கழுவிவிட்டு மறுபடியும் பூஜை நடக்கும். வருஷா வருஷம் ஆறு வந்து தொட்டுவிட்டுப் போகிற கோயில் அது. அங்கே வளர்ந்த பையன்களுக்கு வெள்ளம் என்பதும் ஊர்த் திருவிழா மாதிரி ஒன்றுதான்.

படித்த விதம் இதுதான். நாலைந்து வயதில் அப்பாவோ மாமாவோ தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள். முதலில் படியில் உட்கார்ந்து கால் உதைக்க வேண்டும். அப்புறம் வயிற்றுக்குக் கீழே அவர்கள் கை இருக்கும், நாம் கையை அடிப்போம். நன்றாகக் காய்ந்த சுரைக்குடுக்கை இரண்டைக் கயிற்றில் கோத்து முதுகோடு கட்டிவிடுவதும் உண்டு. லாரி டியூப் எல்லாம் பிற்பாடு வந்தது. ஒரு நாள் வயிற்றுக்குக் கீழே இருந்த கை இல்லாமல் போகும். அது நமக்குத் தெரியாது. கரைக்கு வந்த பிறகுதான் சொல்வார்கள், இப்ப நீயாத்தான்ல வந்த என்று. அந்த நிமிடம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

நீச்சலுக்குப் பெயர்களும் உண்டு. முங்கு நீச்சல், மல்லாக்க நீச்சல், தவளை நீச்சல், நிலை நீச்சல். நிலை நீச்சல் என்றால் நின்ற இடத்திலேயே தலையை மட்டும் வெளியே வைத்து மிதப்பது. அதுதான் உயிர் காக்கிற நீச்சல் என்று என் மாமா சொல்வார். அது வராதவனை மண்டபத்து மேலிருந்து குதிக்க விடமாட்டார்கள். ஆற்றங்கரை நெடுகக் கல் மண்டபங்கள் இருக்கின்றனவே, அவைதான் எங்களுக்கு டைவிங் போர்டு.

இன்னொன்று சொல்ல வேண்டும். அங்கே எப்போதும் ஆள் இருப்பார்கள். துணி துவைக்கிறவர்கள், மாடு குளிப்பாட்டுகிறவர்கள், கரையில் உட்கார்ந்து ஈர வேட்டியைக் காயவைக்கிற தாத்தாக்கள். 'ஏல, அங்க போகாத, கசம் கிடக்கு' என்று கத்த ஒரு வாய் எப்போதும் இருந்தது. கசம் என்றால் ஆற்றுக்குள் திடீரென்று ஆழமாகிற குழி. எந்த வருஷ வெள்ளத்துக்குப் பிறகு கசம் எங்கே நகர்ந்திருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். ஸ்டேடியத்தில் விசிலோடு நிற்கிறவர் செய்கிற வேலையைத்தான் அன்றைக்கு அந்தத் தாத்தாக்கள் சம்பளம் இல்லாமல் செய்தார்கள்.


சுத்தமல்லி:

குறுக்குத்துறை அண்ணாச்சி ஆற்றைச் சொன்னார். நான் கால்வாயைச் சொல்கிறேன், ஏனென்றால் நகரத்துப் பையன்களில் பாதிப் பேர் படித்தது கால்வாயில்தான்.

தாமிரபரணியில் மொத்தம் எட்டு அணைக்கட்டுகள். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். சுத்தமல்லியிலிருந்து வருகிற திருநெல்வேலிக் கால்வாய் பேட்டை வழியாக டவுனுக்கு வரும். பழவூரிலிருந்து வருகிற பாளையங்கால்வாய் மேலப்பாளையம் வழியாகப் பாளைக்கு வரும். ஆக ஆற்றுக்குப் போக முடியாத தெருக்களுக்கு ஆறே தேடி வந்தது. கால்வாயில் ஆழம் இடுப்பு, மிஞ்சினால் கழுத்து. இழுப்பு ஒரே திசையில் இருக்கும். இரண்டு கரையும் எட்டிப் பிடிக்கிற தூரம். புதிதாகப் படிக்கிறவனுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. ஒரு பாலத்தில் இறங்கி அடுத்த பாலத்தில் ஏறுவோம். மதகுப் பக்கம் மட்டும் போகக்கூடாது, தண்ணீர் உள்ளே இழுத்துவிடும்.

காலக்கணக்கும் முக்கியம். கார் சாகுபடிக்கு ஜூன் தொடக்கத்தில் பாபநாசத்திலிருந்து தண்ணீர் திறப்பார்கள். அப்புறம் வடகிழக்குப் பருவமழையோடு பிசானம். பிசான அறுப்பு முடிந்ததும் கால்வாயை அடைத்துவிடுவார்கள். ஏப்ரல், மே மாதங்களில் கால்வாய் காய்ந்து கிடக்கும், ஆற்றில் முழங்கால் தண்ணீர் ஓடும். பள்ளி விடுமுறையும் அதே இரண்டு மாதம்தான். அதனால் எங்களுக்கு நீச்சல் சீசன் ஆனி, ஆடி, ஆவணி. பள்ளிக்கூடம் விட்டதும் பையை மதகில் வைத்துவிட்டுக் குதிப்பது. அதே விடுமுறையில் இன்று ஸ்டேடியத்தில் வரிசையில் நிற்கிற பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தோன்றும். ஆறு ஓய்வெடுக்கிற மாதங்களில் வேலை செய்கிற குளம் இது. இரண்டும் போட்டி கிடையாது.


பொருநைக்கரை மகள்:

இதுவரை எழுதியது எல்லாம் ஆண்பிள்ளைகள் கதை. நான் எங்கள் கதையைச் சொல்கிறேன்.

என் அம்மா பிறந்தது ஆற்றங்கரைக் கிராமம். பெண்களுக்கு என்று தனித் துறை உண்டு. விடியுமுன் குடமும் துணிமூட்டையுமாகப் போய்விடுவார்கள். சிறுமிகள் பாவாடையை விரித்து, தண்ணீரில் சட்டென்று அமர்வார்கள். உள்ளே காற்று அடைபட்டுப் பாவாடை பந்து மாதிரி உப்பும். அதைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மிதப்பார்கள். அதுதான் அவர்களுக்குச் சுரைக்குடுக்கை. அம்மாவுக்கு நன்றாகவே நீச்சல் தெரியும். மஞ்சள் தேய்த்த குடத்தைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நடு ஆறு வரை போய் வந்திருக்கிறாள்.

பன்னிரண்டு வயதில் அவள் பெரியவளானாள். அதோடு நீச்சல் நின்றது. படியில் உட்கார்ந்து சொம்பில் மொண்டு ஊற்றிக் குளிக்கலாம், இறங்கி நீந்தக்கூடாது. கல்யாணம் ஆகி டவுனுக்கு வந்ததும் அந்தப் படியும் போயிற்று, குழாயடிதான். அவளுக்குத் தெரிந்ததை எனக்குச் சொல்லிக்கொடுக்க இடமே இல்லை. பாளைக்காரன் தம்பி கேட்டாரே எங்கே அறுந்தது என்று, பெண்கள் பக்கம் அது ஒரு தலைமுறைக்கு முன்பே இந்த இடத்தில்தான் அறுந்தது.

என் 41ஆவது வயதில் நான் நீச்சல் குளத்தில் இறங்கினேன். பெண்களுக்கென்று ஒதுக்கின நேரம், பெண் பயிற்சியாளர், சுற்றி மதில். முதல் வாரம் முழுக்க முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மூச்சு விடுவது மட்டும்தான். மூன்றாவது வாரம் மல்லாக்க மிதந்தேன். காதுக்குள் தண்ணீர் புகுந்து உலகத்துச் சத்தம் எல்லாம் அடங்கி, மேலே வானம் மட்டும் இருந்தது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னபோது அவள் கேட்ட முதல் கேள்வி, பாவாடை கட்டினியா என்பதுதான்.

பெண்கள் நேரம் என்று ஒரு மணி நேரத்தை எந்தக் குளம் எடுத்துவிட்டாலும், அந்தக் குளத்தில் பாதி ஊருக்கு இடமில்லை என்று அர்த்தம். வேலைக்குப் போகிற பெண்களுக்கு அந்த நேரம் காலையிலோ மாலையிலோ இருக்க வேண்டும். பகல் பதினொரு மணிக்கு வைத்தால் யார் வர முடியும்?


வடக்குவாசெல்வி:

யாருக்கு இடம் இருந்தது, யாருக்கு இல்லை என்று கேட்டதால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் ஆற்றிலிருந்து தள்ளி, கிணற்றுப் பாசனம். பெரிய கமலைக் கிணறுகள். மோட்டார் வந்த பிறகு மோட்டார் ரூம் மேலிருந்து குதிப்பார்கள் பையன்கள். அந்தக் கிணறுகளில் எங்கள் தெருப் பையன்கள் இறங்க முடியாது. இறங்கினதற்கு அடிபட்டவர்களை எனக்குத் தெரியும். என் அப்பா நீச்சல் படித்தது மழைக்காலத்தில் ஊருக்கு வெளியே கல் வெட்டின பள்ளத்தில். உள்ளே செங்குத்தான பாறை, படி கிடையாது. வேறு இடம் இல்லாததால் அங்கே போனார்கள். ஆற்றங்கரை ஊர்களிலும் யார் மேல் துறையில் குளிப்பது, யார் கீழ்த் துறையில் குளிப்பது என்று ஒரு வரிசை இருந்தது. பெரியவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

அரசியலமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவைப் படித்துப் பாருங்கள். மதம், சாதி, பால், பிறப்பிடம் காரணமாக யாரையும் தடுக்கக்கூடாத இடங்களில் கிணறு, குளம், படித்துறை என்று பெயர் சொல்லி எழுதியிருக்கிறது. நாட்டின் அடிப்படைச் சட்டத்தில் படித்துறைக்கு ஏன் ஒரு சொல் ஒதுக்கினார்கள் என்று எனக்குச் சிறு வயதில் புரியவில்லை. அப்பாவின் கல்குழிக் கதையைக் கேட்ட பிறகு புரிந்தது.

அரசு நடத்துகிற நீச்சல் குளத்தை நான் அந்த வரியிலிருந்து பார்க்கிறேன். சீட்டு வாங்கினால் உள்ளே போகலாம். எந்தத் தெரு என்று யாரும் கேட்பதில்லை. என் மகனும் இன்னொருத்தர் மகனும் ஒரே தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டு விளையாடுகிறார்கள். நம் ஊரில் இது சின்ன விஷயமில்லை. அதனால்தான் கட்டணம் ஏறும்போதெல்லாம் எனக்குக் கவலையாக இருக்கிறது. முன்னால் தெருவைக் கேட்டார்கள், இப்போது பணத்தைக் கேட்டால், வெளியே நிற்பவன் பெரும்பாலும் அதே ஆள்தான்.


குறுக்குத்துறை:

வடக்குவாசெல்வி அம்மா, நீங்கள் எழுதினது உண்மை. எங்கள் துறையிலும் அந்த வரிசை இருந்தது. நான் என் பதிவில் அதை எழுதவில்லை. சின்ன வயதில் அது கண்ணில் பட்டும் மனதில் படாமல் வளர்ந்துவிட்டோம். மேல் துறையில் நின்றவனுக்கு ஆறு எல்லாருக்கும் பொது என்று சொல்வது எளிது. என் பதிவோடு இதையும் சேர்த்துத் தொகுக்கும்படி பாளைக்காரன் தம்பியைக் கேட்டுக்கொள்கிறேன்.


கொக்கிரகுளம்:

ஆற்றைப் பற்றிப் பேசும்போது 1999 ஜூலை 23ஐ விட்டுவிட முடியாது. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் போன நாள். போலீஸ் தடியடியில் ஆற்றுக்குள் இறங்கினவர்களில் 17 பேர் செத்துப்போனார்கள். பெண்கள் உண்டு, சிறு குழந்தையும் உண்டு. சுலோச்சன முதலியார் பாலத்தில் நின்றால் அந்த இடம் தெரியும். நான் அப்போது பத்தாம் வகுப்பு. அதன் பிறகு எங்கள் தெருவில் ஆற்றுக்குப் போகிறேன் என்று சொன்னாலே வீட்டில் முகம் மாறிவிடும். ஒரு வருஷத்துக்கு மேல் நான் அந்தப் படியில் கால் வைக்கவில்லை. வரலாறாகத் தொகுத்தால் இந்த நாளும் அதில் இருக்க வேண்டும்.

வெள்ளமும் அப்படித்தான். 1992 நவம்பரில் ஒரு தரம், 2023 டிசம்பர் 17, 18இல் ஒரு தரம். இரண்டாவது வெள்ளத்தில் சிந்துபூந்துறை, வண்ணார்பேட்டை, ஜங்ஷன் எல்லாம் தண்ணீர். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டின மழை அது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்று சுமார் 800 பேர் மாட்டிக்கொண்டார்கள். எங்கள் தெருவில் மாடியிலிருந்து மாடிக்குக் கயிறு கட்டிப் பால் பாக்கெட் கொடுத்த பையன்கள் நாலு பேருமே நீச்சல் தெரிந்தவர்கள். இடுப்பளவு ஓடுகிற தண்ணீரில் மற்றவர்கள் இறங்கப் பயந்து நின்றோம். நானும்தான்.


தண்ணி ஆப்பரேட்டர்:

நான் இருபது வருஷமாகத் தண்ணீர் சுத்திகரிப்பு வேலையில் இருக்கிறேன். நாலைந்து நீச்சல் குளங்களிலும் வேலை பார்த்திருக்கிறேன். குளத்தின் உள்வேலை பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் கொஞ்சம் எழுதுகிறேன்.

ஒலிம்பிக் அளவுக் குளம் 50 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம். ஆழம் 2 மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டாலே 25 லட்சம் லிட்டர். அதில் பாதி நீளத்துக்கு, 25 மீட்டருக்கு 12.5 மீட்டர், சராசரி ஒன்றரை மீட்டர் ஆழம் என்று வைத்தாலும் 4.7 லட்சம் லிட்டர் வரும். இந்தத் தண்ணீரைத் தினமும் மாற்ற முடியாது. ஒரே தண்ணீரைத்தான் மோட்டார் வைத்து இழுத்து, மணல் வடிகட்டியில் விட்டு, குளோரின் சேர்த்து மறுபடியும் உள்ளே அனுப்புகிறோம். வடிகட்டியில் அழுக்கு சேர்ந்தால் தண்ணீரை எதிர்த்திசையில் விட்டுக் கழுவ வேண்டும். அதற்கும் தண்ணீர் போகும். வெயிலில் ஆவியாகிற கணக்கு தனி. நான் சொன்ன சின்னக் குளத்தில் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் குறைந்தாலே 1,500 லிட்டருக்கு மேல்.

திறந்தவெளிக் குளத்துக்குப் பெரிய எதிரி நம் ஊர் வெயில். குளோரினை வெயில் தின்றுவிடும். காலையில் சரியாக இருந்த அளவு, நிறுத்திவைக்கும் மருந்து சேர்க்காவிட்டால், ஒன்றிரண்டு மணி நேரத்தில் பெரும்பாலும் போய்விடும். அதனால்தான் சாயங்காலம் ஆள் போன பிறகு மருந்து போடுவது நல்லது என்பார்கள். லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் குளோரின் இருக்க வேண்டும். அமிலமா காரமா என்று காட்டுகிற pH அளவு 7.2 முதல் 7.8 வரை. இதில் ஒரு நாள் அசந்தால் பாசி பிடித்துப் பச்சையாகிவிடும். அப்புறம் திரும்பக் கொண்டுவர மூன்று நாள் ஆகும்.

பலர் நினைப்பது போல மருந்து வாடை அதிகம் வந்தால் குளம் சுத்தம் என்று அர்த்தமில்லை. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேரும்போதுதான் அந்த வாடை வரும், கண்ணும் எரியும். சரியாக நடக்கிற குளத்தில் வாடை லேசாகத்தான் இருக்கும். பெற்றோர் செய்ய வேண்டிய சோதனை ஒன்றே ஒன்று. ஆழமான பக்கம் கரையில் நின்று கீழே பாருங்கள். அடித்தளத்துக் கோடு தெளிவாகத் தெரிந்தால் இறக்கலாம். கலங்கலாக இருந்தால் வேண்டாம். அழுக்கு ஒரு பக்கம், முங்கினவன் கீழே கிடந்தால் மேலே நிற்கிறவனுக்குத் தெரியாதே, அதுதான் முக்கியக் காரணம்.

இறங்குமுன் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு இறங்குங்கள். ஆற்றில் குளிப்பதற்காக இறங்குவோம். இங்கே குளித்துவிட்டு இறங்க வேண்டும். இதைப் புரியவைக்கத்தான் எனக்கு அதிக நேரம் ஆனது.


சேரன்மாதேவி ரோடு:

எல்லாம் சரி. நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். நீச்சல் குளத்தில் படித்த பையனை ஆற்றில் விட்டால் தாங்கமாட்டான். குளத்தில் தண்ணீர் நிற்கிறது, தரை சமமாக இருக்கிறது, ஆழம் எழுதி வைத்திருக்கிறது. ஆற்றில் இழுப்பு உண்டு, பாறை உண்டு, அமலைச்செடி காலைச் சுற்றும். மேலே மின்சாரத்துக்குத் தண்ணீர் திறந்தால் அரை மணி நேரத்தில் மட்டம் ஏறும். எனக்கு நீச்சல் தெரியும் என்ற தைரியத்தில் வெளியூர்ப் பையன்கள் இறங்கி முங்கிப்போகிற செய்தி மாதா மாதம் வருகிறது. குளம் கட்டுகிற காசில் ஆற்றைச் சுத்தம் பண்ணினால் போதும், நீச்சல் தானாக வரும் என்பது என் கருத்து.

கசம் எப்படி வந்தது என்பதையும் எழுதுங்கள். வெள்ளத்தில் உண்டாகிற கசம் மெதுவாகச் சரிந்து இறங்கும். மணல் அள்ளின குழி சுவர் மாதிரி செங்குத்தாக இறங்கும். ஒரு அடி முன்னால் முட்டளவு, அடுத்த அடியில் இரண்டாள் ஆழம். 2010 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஐந்து ஆண்டுகளுக்கு மணல் அள்ளத் தடை போட்டது. தோழர் நல்லகண்ணு தொடுத்த வழக்கு அது. அதற்குள் எத்தனை இடத்தில் ஆற்றின் அடியே மாறிப்போயிற்று. கரையில் இருந்த தாத்தாவுக்கும் இப்போது கசம் எங்கே என்று தெரியாது.


பாளைக்காரன்:

அண்ணாச்சி, ஆற்றைச் சுத்தம் பண்ண வேண்டும் என்பதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் அது நடக்கிற வரை என் மகள் காத்திருக்க முடியாது, அவளுக்கு இந்த வயதுதான் படிக்கிற வயது. மாநகராட்சி எல்லைக்குள் ஆற்றில் சாக்கடை கலக்கிற இடங்களை 2024 நவம்பரில் நீதிபதிகளே நேரில் வந்து பார்த்தார்கள். அந்தத் தண்ணீரில் எந்தத் தைரியத்தில் பிள்ளையின் முகத்தை முக்கி மூச்சு விடச் சொல்வேன்? சுத்தமல்லி அண்ணன் சொன்ன இரண்டு கால்வாய்களையும் போய்ப் பார்த்தேன். அவர் பை வைத்த மதகு மாதிரி ஒரு மதகில் பாலித்தீன் பைகள் அடைத்துக்கொண்டு நிற்கின்றன.

குளத்து நீச்சல் ஆற்றுக்குப் போதாது என்பது சரி. மூச்சை அடக்குவதும், பதறாமல் மிதப்பதும் எங்கே படித்தாலும் ஒன்றுதான். அதற்கு மேல் ஆற்றைத் தனியாகப் படிக்க வேண்டும். அந்தப் பாடத்தைச் சொல்லித்தர இன்னும் ஆள் இருக்கும்போதே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்றுதான் இந்த இழையையே ஆரம்பித்தேன்.


குறுக்குத்துறை:

ஆற்றுப் பாடம் கேட்டதால் சொல்கிறேன். இழுப்போடு சண்டை போடக்கூடாது. நேர் எதிர்க்கரையைப் பார்த்து நீந்தினால் களைத்துவிடுவாய். இழுப்பு போகிற போக்கில் சாய்ந்து சாய்ந்து கரையை நோக்கிப் போ, நூறு அடி கீழே ஏறினால் என்ன, நடந்து வந்துகொள்ளலாம். இழுத்துப் போனால் மல்லாந்து காலை முன்னால் நீட்டு, பாறை வந்தால் கால் வாங்கிக்கொள்ளும். தெரியாத துறையில் தலைகீழாகக் குதிக்காதே. தண்ணீர் திடீரென்று கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால் மேலே மழை என்று அர்த்தம், அந்த நிமிடமே ஏறிவிடு. எவனாவது முங்கினால் நீ குதிக்காதே. வேட்டியை வீசு, சேலையை வீசு, கம்பை நீட்டு. பதற்றத்தில் இருக்கிறவன் உன் கழுத்தைக் கட்டிக்கொள்வான்.


ஓய்வு பெற்ற செவிலி:

இதோடு நான் ஒன்றைச் சேர்க்கிறேன். கரைக்குத் தூக்கின பிறகு நம் ஊரில் செய்கிற தவறு அது. தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதும், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் வேண்டாம். வயிற்றை அமுக்கினால் உள்ளே இருப்பது மேலே வந்து மூச்சுக்குழலுக்குள் போகும். முங்கினவருக்கு இல்லாமல் போனது காற்று. மூச்சு இல்லையென்றால் மூக்கைப் பிடித்து வாயோடு வாய் வைத்து முதலில் மூச்சு ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து அழுத்துங்கள். 30 அழுத்தம், 2 மூச்சு, மறுபடியும் 30. நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம் வரும் வேகத்தில். இன்னொருவர் அதற்குள் 108க்குச் சொல்லட்டும். ஆம்புலன்ஸ் வரும் வரை நிறுத்தக்கூடாது. எழுந்து பேசினாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும், மூச்சுத்திணறல் சில மணி நேரம் கழித்தும் வரலாம்.

நீச்சல் பயிற்சி நடக்கிற எல்லா இடத்திலும் கடைசி நாள் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் இதை ஒரு மணி நேரம் செய்துகாட்ட வேண்டும். கூப்பிட்டால் நான் வருவேன், பொம்மை ஒன்று மட்டும் ஏற்பாடு செய்தால் போதும்.


சுத்தமல்லி:

நடுவில் ஒரு நினைவு. 1994இல் குற்றாலீஸ்வரன் என்ற பையன் ஒரே வருஷத்தில் ஆறு நீரிணைகளை நீந்திக் கடந்தான். இங்கிலீஷ் கால்வாயைக் கடந்தபோது அவனுக்கு வயது பன்னிரண்டு. அவன் நம் மாவட்டத்துக்காரன் இல்லை. ஆனாலும் குற்றாலத்து சாமி பெயர் என்பதால் எங்கள் தெருவில் எல்லாரும் சொந்தப் பையன் மாதிரி பேசினார்கள். அதுவரை ஆற்றில் விழுந்து கிடக்கான் என்று திட்டின அப்பாக்கள், ஏல எவ்வளவு தூரம் நீந்துவ என்று அந்த வருஷம்தான் முதல்முறையாகக் கேட்டார்கள்.


பாளைக்காரன்:

ஜூன் இரண்டாம் ஞாயிறு அப்பாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு திருப்புடைமருதூர் போயிருந்தோம். நகரத்துக்கு மேலே தண்ணீர் இன்னும் நன்றாக இருக்கிறது. கார் சாகுபடிக்குத் திறந்துவிட்ட புதுத் தண்ணீர், குளிர்ச்சி. அப்பாவுக்கு 71 வயது. முப்பது வருஷத்துக்குப் பிறகு ஆற்றில் இறங்குகிறார். கழுத்தளவு போய் நிலை நீச்சலில் நின்றுகொண்டு பேத்தியைக் கூப்பிட்டார்.

அவள் கண்ணாடியும் தொப்பியும் போட்டுக்கொண்டு தயாராக நின்றாள். ஆனால் இறங்கவில்லை. அடியில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை தாத்தா, கோடு இல்லையே என்றாள். குளத்தில் கோட்டைப் பார்த்துப் பார்த்தே நீந்திப் பழகிவிட்டாள். அப்பா கரைக்கு வந்து அவள் கையைப் பிடித்து, காலால் தடவித் தடவி ஒவ்வொரு அடியாக வைக்கச் சொல்லிக்கொடுத்தார். இது வழுக்குப் பாசி, இது மணல், இது உருட்டுக்கல், இந்த இடத்தில் சில்லென்று இருக்கிறது பார், அப்படியென்றால் பக்கத்தில் ஆழம். அரை மணி நேரம் நடைதான். அதற்கு அப்புறம் பத்து அடி நீந்தினாள், அப்பா கீழ்ப்பக்கம் நின்றுகொண்டார்.

நான் படியில் உட்கார்ந்து காலை உதைத்துக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி எழுதின முதல் பாடம். வருகிற ஞாயிறும் போகிறோம். யாராவது வருகிறீர்களா?


பொருநைக்கரை மகள்:

நான் வருகிறேன். அம்மாவையும் கூட்டி வருகிறேன். படி இறங்கக் கஷ்டப்படுவாள், பிடித்துக்கொள்ள யாராவது வேண்டும். ஒரு பித்தளைக் குடம் எடுத்துவரச் சொல்கிறாள்.


குறுக்குத்துறை:

நானும் வருகிறேன். ஆறு மணிக்குள் வந்துவிடுங்கள், வெயில் ஏறினால் கல் சுடும். தம்பி, இரண்டு சாரம் (கைலி) கூடுதலாகக் கொண்டு வா. காய்ந்த சுரைக்குடுக்கை இப்போது கடையில் கிடைப்பதில்லை, எங்கள் வீட்டுப் பரணில் ஒன்று கிடக்கிறது, ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுத்து வருகிறேன். உன் வயிற்றுக்குக் கீழே கை வைக்க அப்பா இருக்கிறார். சீக்கிரம் எடுத்துவிட வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிடு.